விசைவேக அடுக்கு

விசைவேக அடுக்கு என்பது, ஒரே சுரத்தை மென்மையாகவும் வன்மையாகவும் வாசித்துப் பதிவு செய்த பல ஒலிமாதிரிகளை ஒரு சாம்ப்ளரில் அடுக்கி வைத்து, இசைப்பவர் விசையை அழுத்தும் வேகத்துக்கு ஏற்ற மாதிரியை மட்டும் ஒலிக்கச் செய்யும் முறை ஆகும். இசைக்கலைஞர்களிடையே இது வெலாசிட்டி லேயர் என்ற பெயரால் அறியப்படுகிறது. பியானோ, டிரம் தொகுதி போன்று, தட்டும் வன்மைக்கு ஏற்ப ஒலியின் தன்மை மாறும் இசைக்கருவிகளைக் கணினியில் மீளுருவாக்க இம்முறை பெரிதும் பயன்படுகிறது.

ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் இம்முறையின் முதன்மை நோக்கம் அன்று. அதனை ஒரே ஒரு மாதிரியைக் கொண்டு கணக்கீட்டாலேயே செய்துவிடலாம். வன்மை மாறும்போது ஒலியின் பண்பில் நிகழும் மாற்றத்தைப் பதிவிலிருந்தே பெறுவதற்காகவே அடுக்குகள் அமைக்கப்படுகின்றன. எனவே, கேட்பவருக்கு அடுக்குகளின் எல்லை தெரியாமல், ஒரே கருவி ஒலிப்பதாகத் தோன்றும்படி அமைப்பதே இப்பணியின் வெற்றி எனக் கருதப்படுகிறது.

சொற்கள்

இக்கட்டுரையில் விசை என்பது இசை விசைப்பலகையில் விரலால் அழுத்தப்படும் பகுதியைக் குறிக்கிறது. ஆர்மோனியத்தில் இது கட்டை என்று வழங்கப்படும். இயற்பியலில் விசை என்னும் சொல்லுக்கு உள்ள பொருள் இங்கு கருதப்படவில்லை. விசைவேகம் என்பது ஒரு விசை கீழிறங்கும் வேகத்தின் அளவாகும். ஒலிமாதிரி என்பது உண்மையான கருவியின் ஒரு சுரத்தை ஒலிவாங்கி கொண்டு பதிவு செய்த கோப்பாகும். இத்தகைய மாதிரிகளை விசைகளுக்கு ஒதுக்கி, தேவையானபோது ஒலிக்கச் செய்யும் கருவி அல்லது மென்பொருள் சாம்ப்ளர் எனப்படும். உரப்பு என்பது ஒலியின் வலிமை பற்றிய செவியுணர்வு ஆகும். ஒரே சுருதியிலும் ஒரே உரப்பிலும் அமைந்த இரண்டு ஒலிகளை வேறுபடுத்தி அறிய உதவும் தன்மை ஒலிப்பண்பு ஆகும்.

தேவை

பியானோவில் ஒரு விசையை அழுத்தும்போது, கம்பளி நமுதா போர்த்திய சிறிய சுத்தியல் ஒன்று கம்பியைத் தாக்குகிறது. இந்த நமுதா எல்லா நிலைகளிலும் ஒரே மென்மையுடன் இருப்பதில்லை. அது எவ்வளவு அதிகமாக அமுக்கப்படுகிறதோ அவ்வளவு கடினமாக நடந்து கொள்ளும். மெதுவாக வரும் சுத்தியல் கம்பியுடன் சற்றுக் கூடுதல் நேரம் தொட்டுக்கொண்டிருக்கும். அதன் மென்மையான பரப்பு உயர் மேற்சுரங்கள் எழுவதைத் தடுக்கும். விரைந்து வரும் சுத்தியல் கம்பியைத் தாக்கி விரைவில் விலகிவிடும். அப்போது உயர் மேற்சுரங்கள் வலிமையாக எழுகின்றன. இதனால், வன்மையாக வாசித்த சுரம் உரத்து ஒலிப்பதுடன் கூர்மையும் பிரகாசமும் பெறுகிறது. மென்மையாக வாசித்த சுரம் உருண்டையாகவும் மங்கலாகவும் கேட்கிறது.

வன்மையாகப் பதிவு செய்த ஒரு மாதிரியின் ஒலியளவைக் குறைத்து ஒலிக்கச் செய்தால், தொலைவில் ஒருவர் பலமாக வாசிப்பது போலவே இருக்கும். அது மென்மையான வாசிப்பு ஆகாது. அதேபோல, மென்மையான மாதிரியின் அளவைக் கூட்டினாலும் வன்மையான வாசிப்பு கிடைக்காது. இந்தக் குறையைத் தாழலைவெண் வடிப்பான் கொண்டு ஓரளவு மறைக்கலாம். விசைவேகம் குறையும்போது வடிப்பானின் வெட்டு அலைவெண்ணையும் குறைத்தால் ஒலி மங்கும். ஆயினும் தாக்கு ஓசை, சுரம் தேயும் விதம், மேற்சுரங்களின் விகிதம் ஆகியவற்றை வடிப்பானால் முழுமையாக மாற்ற இயலாது. இவற்றுக்குத் தனித்தனிப் பதிவுகளே தீர்வாகின்றன.

மிடி முறையில் விசைவேகம்

மின்னணு இசைக்கருவிகளுக்கு இடையிலான தொடர்புக்கு மிடி என்னும் நெறிமுறை 1983 ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. இதில் ஒரு சுரத்தைத் தொடங்கும் செய்தி மூன்று பைட்டுகளைக் கொண்டது. முதற் பைட்டு செய்தியின் வகையையும் தடத்தையும், இரண்டாவது சுரத்தின் எண்ணையும், மூன்றாவது விசைவேகத்தையும் குறிக்கும். விசைவேகத்தின் மதிப்பு 0 முதல் 127 வரை அமையும். இவற்றுள் 0 என்ற மதிப்பு சுரத்தை நிறுத்தும் செய்தியாகக் கொள்ளப்படுவதால், ஒலிக்கும் சுரத்துக்கு 1 முதல் 127 வரையான மதிப்புகளே எஞ்சுகின்றன. விசைவேகத்தை உணராத விசைப்பலகைகள் 64 என்ற நடு மதிப்பை அனுப்ப வேண்டும் என்பது நெறிமுறையின் விதியாகும்.

பெயர் குறிப்பிடுவது போலவே, பெரும்பாலான விசைப்பலகைகள் அளப்பது விரலின் பலத்தை அன்று, வேகத்தையே. ஒவ்வொரு விசையின் அடியிலும் இரண்டு தொடுமுனைகள் வெவ்வேறு உயரங்களில் பொருத்தப்பட்டிருக்கும். விசை இறங்கும்போது முதல் முனை மூடப்படுவதற்கும் இரண்டாவது முனை மூடப்படுவதற்கும் இடைப்பட்ட நேரம் அளக்கப்படுகிறது. இந்த நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு உயர்ந்த மதிப்பு அனுப்பப்படும். நேரத்தை எண்ணாக மாற்றும் வளைகோடு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஆகவே, ஒரே விரல் அழுத்தம் ஒரு விசைப்பலகையில் 70 எனவும் மற்றொன்றில் 90 எனவும் பதிவாகக்கூடும். அடுக்குகளை அமைக்கும்போது இந்த வேறுபாடு முக்கியத்துவம் பெறுகிறது.

வரலாறு

அழுத்தும் விதத்துக்கு ஏற்ப மென்மையாகவும் வன்மையாகவும் ஒலிக்கும் விசைப்பலகைக் கருவியை இத்தாலியின் புளோரன்சு நகரில் பார்த்தோலோமியோ கிறிஸ்தோஃபரி 1700 ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். பியானோ என்ற பெயரே மென்மை, வன்மை ஆகிய இரு பொருள்களையும் தரும் இத்தாலியச் சொற்றொடரின் சுருக்கமாகும்.

1963 இல் இங்கிலாந்தில் வெளியான மெல்லோட்ரான், காந்த நாடாவில் பதிவு செய்த ஒலிகளை விசைகள் மூலம் இயக்கியது. ஒவ்வொரு விசைக்கும் தனி நாடா இருந்தது. 1979 இல் ஆஸ்திரேலியாவில் உருவான ஃபேர்லைட் சி.எம்.ஐ. எண்ணிம முறையில் ஒலிமாதிரிகளைக் கையாண்ட தொடக்ககாலக் கருவிகளுள் ஒன்றாகும். 1986 இல் வெளியான அகாய் எஸ்900 கருவியில், ஒரு விசைத்தொகுதிக்கு மென்மையான மாதிரி ஒன்றும் வன்மையான மாதிரி ஒன்றும் ஒதுக்கி, குறிப்பிட்ட விசைவேகத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறச் செய்ய முடிந்தது. 1988 இல் வந்த எஸ்1000 கருவியில் இது நான்கு பகுதிகளாக விரிந்தது.

அக்காலத்தில் அடுக்குகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியது நினைவகமே. மாதிரிகள் அனைத்தும் கருவியின் தற்காலிக நினைவகத்தில் ஏற்றப்பட வேண்டியிருந்தது. 1998 இல் நெமிசிஸ் நிறுவனம் வெளியிட்ட கிகாசாம்ப்ளர் என்னும் மென்பொருள், மாதிரியின் தொடக்கப் பகுதியை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, எஞ்சியதை வன்தட்டிலிருந்து நேரடியாகப் படித்து ஒலிக்கச் செய்தது. இதனால் மிகப் பெரிய மாதிரித் தொகுப்புகள் சாத்தியமாயின. நேட்டிவ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் கான்டாக்ட் மென்பொருள் 2002 இல் வெளிவந்தது. மாதிரிகளின் அமைப்பை எளிய உரைக் கோப்பாக எழுதும் எஸ்எஃப்இசட் வடிவம், விலையின்றிக் கிடைக்கும் மென்பொருள்கள் பலவற்றாலும் ஆதரிக்கப்படுகிறது. எனவே அடுக்கு முறையைக் கற்கும் மாணவர்களுக்கு அது ஏற்றதாக உள்ளது.

அமைக்கும் முறை

ஒலிப்பதிவு

அடுக்குகளின் தரம் பெரும்பாலும் ஒலிப்பதிவின்போதே முடிவாகிவிடுகிறது. ஒரு சுரத்தின் எல்லா அடுக்குகளும் ஒரே ஒலிவாங்கி, ஒரே இடம், ஒரே முன்பெருக்கி அளவு ஆகியவற்றுடன் பதிவு செய்யப்பட வேண்டும். இடையில் ஒலிவாங்கி சிறிது நகர்ந்தாலும் அடுக்கு மாறும்போது கருவியே இடம் மாறியது போலத் தோன்றும். மென்மையான சுரங்களுக்காக முன்பெருக்கியின் அளவை உயர்த்துவதும் தவிர்க்கத்தக்கது. உயர்த்தினால் அடுக்குகளுக்கு இடையிலான இயல்பான உரப்பு வேறுபாடு அழிந்துவிடும். 16 பிட் பதிவின் கோட்பாட்டு வீச்சு ஏறத்தாழ 96 டெசிபல் ஆகும். 24 பிட் பதிவில் இது ஏறத்தாழ 144 டெசிபல் ஆகும். எனவே 24 பிட்டில் பதிவு செய்யும்போது, மிக வன்மையான சுரம் உச்ச எல்லையைத் தாண்டாதபடி அளவை ஒருமுறை அமைத்துவிட்டு, மென்மையான சுரங்களையும் அதே அளவில் பதிவு செய்ய இயலும்.

மனித விரலால் நான்கு வன்மைகளைத் துல்லியமாகத் திரும்பத் திரும்ப வாசிப்பது கடினம். ஆதலால் ஒரு சுரத்தை மிக மென்மையிலிருந்து மிக வன்மை வரை பல முறை வாசித்துப் பதிவு செய்துகொண்டு, பின்னர் அவற்றின் உரப்பை அளந்து, ஏறத்தாழச் சம இடைவெளியில் அமைந்தவற்றைத் தேர்ந்தெடுப்பது எளிய வழியாகும். ஒவ்வொரு சுரமும் முற்றிலும் தேய்ந்து அடங்கும்வரை பதிவைத் தொடர வேண்டும்.

மாதிரிகளைச் செப்பனிடுதல்

ஒவ்வொரு மாதிரியின் தொடக்கத்திலும் உள்ள அமைதி வெட்டி நீக்கப்படுகிறது. வன்மையான சுரம் திடீரெனத் தொடங்கும். மென்மையான சுரம் மெல்ல எழும். குறிப்பிட்ட அளவைத் தாண்டும் இடத்தில் தானாக வெட்டும் கருவியைப் பயன்படுத்தினால், மென்மையான மாதிரியின் தொடக்கம் இழக்கப்படலாம். மாறாக, ஒரு மாதிரியில் 2 மில்லிநொடி அமைதியும் மற்றொன்றில் 15 மில்லிநொடி அமைதியும் எஞ்சியிருந்தால், அடுக்கு மாறும்போதெல்லாம் தாளம் பிசகுவதாக இசைப்பவர் உணர்வார். ஆகவே தொடக்கங்களைக் கண்ணாலும் செவியாலும் சரிபார்த்து வெட்டுவது நல்லது.

எல்லா மாதிரிகளையும் ஒரே உச்ச அளவுக்கு உயர்த்தும் நார்மலைஸ் வசதியைப் பயன்படுத்தும்போதும் கவனம் தேவை. மென்மையான மாதிரி உயரும்போது அதில் உள்ள அறை இரைச்சலும் உயரும். மேலும், உச்ச அளவு சமமாக இருப்பதால் செவிக்குக் கேட்கும் உரப்பும் சமமாகிவிடாது.

எல்லைகளை வகுத்தல்

எஸ்எஃப்இசட் வடிவில் ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு பகுதி எழுதப்படும். அதில் மாதிரிக் கோப்பின் பெயர், அது ஒலிக்க வேண்டிய விசைகளின் எல்லை, அதன் இயல்பான சுரம், விசைவேகத்தின் கீழ் எல்லை, மேல் எல்லை ஆகியவை குறிக்கப்படும். கடைசி இரண்டும் முறையே லோவெல், ஹைவெல் எனப்படுகின்றன. நான்கு அடுக்குகளைக் கொண்ட ஒரு பியானோவுக்குப் பின்வருமாறு எல்லைகளை வகுக்கலாம்.

* முதல் அடுக்கு, மிக மென்மை: 1 முதல் 40 வரை
* இரண்டாம் அடுக்கு, மென்மை: 41 முதல் 75 வரை
* மூன்றாம் அடுக்கு, வன்மை: 76 முதல் 105 வரை
* நான்காம் அடுக்கு, மிக வன்மை: 106 முதல் 127 வரை

எல்லைகள் ஒன்றோடொன்று மேற்படியவோ இடைவெளி விடவோ கூடாது. முதல் அடுக்கு 40 இல் முடிந்து இரண்டாம் அடுக்கு 42 இல் தொடங்கினால், 41 என்ற மதிப்பு வரும்போது ஒலியே எழாது. இரண்டாம் அடுக்கு 40 இலேயே தொடங்கினால், அந்த ஒரு மதிப்பில் இரண்டு மாதிரிகளும் சேர்ந்து ஒலித்துச் சுரம் திடீரென உரக்கும். அரிதாக நிகழ்வதால் இவ்விரு பிழைகளும் சோதனையில் தப்பிவிடக்கூடியவை.

127 மதிப்புகளையும் சமமாகப் பிரிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இசைப்பவர் தம் விசைப்பலகையில் இயல்பாக வாசிக்கும்போது எந்த மதிப்புகள் மிகுதியாக வருகின்றன என்பதை மிடி செய்திகளைக் காட்டும் மென்பொருள் ஒன்றில் முதலில் பார்க்க வேண்டும். 110 ஐத் தாண்டவே கடினமாக உள்ள விசைப்பலகையில், 120 இல் தொடங்கும் அடுக்கு ஒருபோதும் கேட்காது. இத்தகைய நிலையில் முதலில் விசைப்பலகையின் அல்லது சாம்ப்ளரின் விசைவேக வளைகோட்டைச் சரிசெய்து, அதன் பின்னரே அடுக்கு எல்லைகளைத் தொட வேண்டும். ஒரு விசைப்பலகையின் குறைக்காக எல்லைகளை மாற்றினால், மற்றொரு விசைப்பலகையில் அதே தொகுப்பு சரியாக ஒலிக்காது.

உரப்பைப் பொருத்துதல்

அடுக்கு அமைப்பில் மிகுதியாகப் பிழை நேரும் இடம் இதுவாகும். பெரும்பாலான சாம்ப்ளர்கள் விசைவேகம் குறையும்போது மாதிரியின் அளவைத் தாமாகவே குறைக்கின்றன. எஸ்எஃப்இசட் வடிவின் இயல்பான விதிப்படி, வீச்சு விசைவேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். 127 இல் குறைப்பு இல்லை. 64 இல் ஏறத்தாழ 12 டெசிபலும், 40 இல் ஏறத்தாழ 20 டெசிபலும் குறையும்.

முதல் அடுக்கின் மாதிரி, நான்காம் அடுக்கின் மாதிரியைவிட இயல்பாகவே 20 டெசிபல் மென்மையாகப் பதிவாகியுள்ளது எனக் கொள்வோம். விசைவேகம் 40 ஆக இருக்கும்போது சாம்ப்ளர் மேலும் 20 டெசிபல் குறைத்தால், மொத்த வேறுபாடு 40 டெசிபல் ஆகிவிடும். மென்மையான சுரங்கள் ஏறத்தாழக் கேட்காமலே போகும். கருவி இயற்றிய குறைப்பும் மென்பொருள் கணக்கிட்ட குறைப்பும் இருமுறை சேர்வதே இதற்குக் காரணம்.

தானியங்குக் குறைப்பை முற்றிலும் நீக்கிவிடுவது ஒரு வழியாகத் தோன்றலாம். எஸ்எஃப்இசட் வடிவில் இதற்கான அளவு நூற்றுக்கு எத்தனை என்று குறிக்கப்படுகிறது. அதனை 0 ஆக்கினால், ஒரே அடுக்குக்குள் வரும் எல்லா மதிப்புகளும் ஒரே உரப்பில் ஒலிக்கும். 1 இலும் 40 இலும் வேறுபாடு இராது. 41 இல் திடீரென ஒரு படி ஏறும். மாடிப்படி போன்ற இந்த ஒலி, இசைப்பவரின் விரலுக்கு உடனே புலப்படும்.

குறைப்பை வைத்துக்கொண்டே, ஒவ்வொரு அடுக்கின் அளவையும் ஈடுசெய்வது பொருத்தமான வழியாகும். ஒவ்வொரு அடுக்குக்கும் அதன் மேல் எல்லையை மேற்கோள் மதிப்பாகக் கொண்டு, அந்த மதிப்பில் சாம்ப்ளர் எவ்வளவு குறைக்கிறதோ அவ்வளவு டெசிபலை அந்த அடுக்குக்குக் கூட்ட வேண்டும். மேலே தரப்பட்ட எல்லைகளுக்கு இந்த ஈடு, முதல் அடுக்குக்கு ஏறத்தாழ 20 டெசிபல், இரண்டாவதற்கு 9, மூன்றாவதற்கு 3, நான்காவதற்கு 0 என அமையும். அப்போது ஒவ்வொரு அடுக்கும் தன் மேல் எல்லையில் பதிவான அதே உரப்பில் ஒலிக்கும். அதற்குக் கீழே படிப்படியாக மென்மையாகும்.

இதன் பின்னரும் இணைப்பு இடங்களைச் செவியால் சரிபார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, இரண்டாம் அடுக்கின் பதிவு முதல் அடுக்கின் பதிவைவிட 8 டெசிபல் மட்டுமே உரத்தது எனக் கொள்வோம். இரண்டாம் அடுக்கின் மேல் எல்லையான 75 இலிருந்து அதன் கீழ் எல்லையான 41 க்கு வரும்போது சாம்ப்ளர் ஏறத்தாழ 10.5 டெசிபல் குறைக்கிறது. எனவே 41 இல் எழும் ஒலி, 40 இல் எழும் ஒலியைவிட 2.5 டெசிபல் தாழ்ந்திருக்கும். சற்று வன்மையாக அழுத்தினால் ஒலி குறைகிறது. உண்மையான எந்தப் பியானோவும் இவ்வாறு நடந்துகொள்வதில்லை என்பதால், கேட்பவருக்குக் காரணம் புரியாவிட்டாலும் ஏதோ பொருந்தவில்லை என்பது தெரிந்துவிடும். இங்கு முதல் அடுக்கை ஏறத்தாழ 3 டெசிபல் குறைத்தால் இணைப்பு சீராகும். நான்காம் அடுக்கை மாற்றாமல் வைத்து, மேலிருந்து கீழாக ஒவ்வோர் இணைப்பையும் சரிசெய்துகொண்டு வருவது நல்லது. கீழிருந்து மேலாக உயர்த்திக்கொண்டே சென்றால் மிக வன்மையான சுரங்கள் உச்ச எல்லையைத் தாண்டிச் சிதைய நேரிடும்.

சோதித்தல்

கையால் வாசித்துப் பார்ப்பது மட்டும் போதுமான சோதனை ஆகாது. ஒரே சுரத்தை 1 முதல் 127 வரை ஒவ்வொரு மதிப்பாக உயர்த்தி ஒலிக்கும் மிடி கோப்பு ஒன்றைத் தயாரித்துக் கேட்பதன் மூலம் இடைவெளி, மேற்படிவு, உரப்பு இறக்கம் ஆகிய மூன்று பிழைகளையும் கண்டறியலாம். பின்னர் இதே சோதனையைக் கீழ், நடு, மேல் ஸ்தாயிகளில் செய்ய வேண்டும். ஒரு சுரத்தில் பொருந்திய ஈடு மற்றொரு சுரத்தில் பொருந்தாமல் போகலாம். கடைசியாக, மெல்ல வளர்ந்து மெல்ல அடங்கும் ஓர் இசைத்தொடரை வாசித்துக் கேட்பது இன்றியமையாதது.

அடுக்குகளைக் கலத்தல்

ஓர் அடுக்கிலிருந்து அடுத்ததற்குத் திடீரென மாறுவதற்குப் பதிலாக, எல்லையை ஒட்டிய சில மதிப்புகளில் இரண்டையும் சேர்த்து ஒலிக்கச் செய்து, ஒன்றைக் குறைத்து மற்றொன்றைக் கூட்டலாம். இது கிராஸ்ஃபேடு எனப்படும். எடுத்துக்காட்டாக, 36 முதல் 45 வரையான மதிப்புகளில் முதல் அடுக்கு மங்கி இரண்டாம் அடுக்கு எழும்படி செய்யலாம்.

இம்முறைக்கு இரண்டு இடர்ப்பாடுகள் உள்ளன. முதலாவது, கலப்புப் பகுதியில் ஒரு சுரத்துக்கு இரண்டு மாதிரிகள் ஒலிப்பதால் கணினியின் சுமை இரட்டிக்கும். இரண்டாவது, தனித்தனியே பதிவு செய்த இரண்டு மாதிரிகளின் அலைகள் ஒரே கட்டத்தில் இருப்பதில்லை. அவை சில அலைவெண்களில் ஒன்றையொன்று வலுப்படுத்தியும் சிலவற்றில் ஒன்றையொன்று அழித்தும் ஒலியைக் குழிவுடையதாக்கும். தனிப் பியானோவில் இது இரண்டு பியானோக்கள் சேர்ந்து ஒலிப்பது போலக் கேட்கலாம். பலர் சேர்ந்து வாசிக்கும் வயலின் குழு போன்ற ஒலிகளில் இக்குறை அவ்வளவாகத் தெரிவதில்லை. எனவே தட்டுக் கருவிகளுக்கும் பியானோவுக்கும் கூர்மையான எல்லைகளும், குழு ஒலிகளுக்குக் கலப்பும் பெரும்பாலும் விரும்பப்படுகின்றன.

சுழற்சி முறை

டிரம் போன்ற கருவிகளில் ஒரே வன்மையில் விரைந்து பலமுறை தட்டும்போது, ஒரே மாதிரி மீண்டும் மீண்டும் ஒலிப்பதால் இயந்திரத் துப்பாக்கி சுடுவது போன்ற செயற்கை ஓசை எழுகிறது. உண்மையில் எந்த இரண்டு அடிகளும் முற்றிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இக்குறையை நீக்க, ஒவ்வோர் அடுக்கிலும் ஒரே வன்மையில் பதிவு செய்த பல மாதிரிகள் வைக்கப்பட்டு, அவை வரிசையாகவோ எழுமாற்றாகவோ ஒலிக்கச் செய்யப்படும். இது ரவுண்ட் ராபின் எனப்படும் சுழற்சி முறையாகும். சுழற்சியில் உள்ள மாதிரிகளின் உரப்பு ஒத்திருக்க வேண்டும். இல்லாவிடில் ஒவ்வொரு நான்காவது அடியும் அழுத்தம் பெற்றது போலத் தாளத்தில் பொய்யான நடை தோன்றும்.

எடுத்துக்காட்டு: சாலமாண்டர் பியானோ

அலெக்சாண்டர் ஹோல்ம் உருவாக்கிக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்ட சாலமாண்டர் கிராண்ட் பியானோ, விசைவேக அடுக்குகளைக் கற்க உதவும் தொகுப்புகளுள் ஒன்றாகும். யமாஹா சி5 வகைப் பெரிய பியானோ ஒன்று இதற்காகப் பதிவு செய்யப்பட்டது. இதன் எஸ்எஃப்இசட் கோப்பை எந்த உரைத்தொகுப்பியிலும் திறந்து படிக்கலாம்.

இத்தொகுப்பில் ஒவ்வொரு விசையும் பதிவு செய்யப்படவில்லை. மிகக் கீழான சுரத்திலிருந்து மூன்று அரைச்சுரங்களுக்கு ஒன்று வீதம், 88 விசைகளுக்கு 30 சுரங்கள் பதிவாகியுள்ளன. ஒவ்வொரு மாதிரியும் தன் இடத்திலும், ஓர் அரைச்சுரம் மேலும் கீழும் சுருதி மாற்றப்பட்டும் ஒலிக்கிறது. ஓர் அரைச்சுர மாற்றத்துக்கு மாதிரி ஏறத்தாழ 6 விழுக்காடு விரைவாகவோ மெதுவாகவோ இயக்கப்பட்டால் போதும் என்பதால் வேறுபாடு எளிதில் தெரிவதில்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் 16 விசைவேக அடுக்குகள் உள்ளன. சுரங்களின் எண்ணிக்கையைக் குறைத்து அடுக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டிய இந்தத் தெரிவு கவனிக்கத்தக்கது. அடுத்தடுத்த விசைகளின் ஒலிப்பண்பு நெருங்கியது. ஆனால் மென்மைக்கும் வன்மைக்கும் இடையிலான ஒலிப்பண்பு வெகுதொலைவு வேறுபட்டது.

நினைவகமும் அடுக்குகளின் எண்ணிக்கையும்

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரு தடப் பதிவு ஒன்றுக்கு ஒரு நொடிக்கு 2,88,000 பைட்டுகள் தேவை. ஒரு மாதிரி சராசரியாக 20 நொடி நீளமுடையது எனக் கொண்டால், அதன் அளவு 5.76 மெகாபைட்டு ஆகும். இந்தக் கணக்கின்படி, சுருக்கப்படாத நிலையில் வெவ்வேறு அமைப்புகளுக்குத் தேவைப்படும் இடம் பின்வருமாறு அமையும்.

* 30 சுரங்கள், 4 அடுக்குகள்: 120 மாதிரிகள், ஏறத்தாழ 0.7 கிகாபைட்டு
* 30 சுரங்கள், 16 அடுக்குகள்: 480 மாதிரிகள், ஏறத்தாழ 2.8 கிகாபைட்டு
* 88 சுரங்கள், 16 அடுக்குகள்: 1,408 மாதிரிகள், ஏறத்தாழ 8.1 கிகாபைட்டு

அடுக்குகள் கூடக் கூட இணைப்புகளும் கூடுகின்றன. 4 அடுக்குகளுக்கு ஒரு சுரத்தில் 3 இணைப்புகள் உள்ளன. 16 அடுக்குகளுக்கு 15 இணைப்புகள் உள்ளன. 30 சுரங்களில் இது 450 இணைப்புகள் ஆகும். ஆகவே, கவனமாகப் பொருத்தப்பட்ட நான்கு அடுக்குகள், சரிபார்க்கப்படாத பதினாறு அடுக்குகளைவிட நன்றாக ஒலிப்பது இயல்பே. தனித்து ஒலிக்கும் பியானோவுக்குப் பல அடுக்குகள் தேவைப்படலாம். பல கருவிகளுக்கிடையே பின்னணியில் ஒலிக்கும் பியானோவுக்குச் சில அடுக்குகளே போதுமானவை.

அடுக்கு முறைக்கு ஏற்ற கருவிகளும் ஏலாத கருவிகளும்

தொடக்கத் தாக்குதலிலேயே சுரத்தின் வன்மை முடிவாகிவிடும் கருவிகளுக்கு இம்முறை இயல்பாகப் பொருந்துகிறது. பியானோ, டிரம், சைலபோன், கிதார் ஆகியவை இவ்வகையின. வயலின், புல்லாங்குழல் போன்றவற்றில் சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே வன்மை வளரவும் தேயவும் கூடும். விசைவேகம் சுரத்தின் தொடக்கத்தில் ஒருமுறை மட்டுமே அனுப்பப்படுவதால், அந்த மாற்றத்தை அது தெரிவிக்காது. இக்கருவிகளின் தொகுப்புகளில், விசைப்பலகையின் இடப்புறமுள்ள சக்கரம் போன்ற தொடர் கட்டுப்பாட்டின் மூலம் அடுக்குகள் கலக்கப்படுகின்றன. ஆர்மோனியத்தில் உரப்பு விசையின் வேகத்தைச் சாராமல் துருத்தியின் காற்றழுத்தத்தைச் சார்ந்துள்ளதால், அதற்கும் தொடர் கட்டுப்பாடே பொருத்தமானது.

வன்மை வேறுபாட்டையும் வாசிப்பு வகை வேறுபாட்டையும் ஒன்றாகக் கருதிக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மிருதங்கத்தில் நம், தொம், சாப்பு ஆகியவை வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு விரல் அமைப்புடன் எழுப்பப்படும் தனித்தனிச் சொற்கள். அவற்றை ஒரே விசையின் மென்மை, வன்மை அடுக்குகளாக வைத்தால், சற்றுப் பலமாகத் தட்டும்போது சொல்லே மாறிவிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் தனி விசை ஒதுக்கி, அந்த விசைக்குள் அச்சொல்லின் வன்மை வேறுபாடுகளை அடுக்குகளாக அமைப்பதே முறையாகும்.

வரம்புகளும் மாற்று முறைகளும்

அடுக்குகள் எத்தனை இருப்பினும், அவை தொடர்ச்சியான ஒரு மாற்றத்தின் சில புள்ளிகளே. புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒலிப்பண்பு பதிவில் இல்லை. அடுக்குக்குள் மெல்லிய வடிப்பான் ஒன்றையும் விசைவேகத்துடன் இணைத்து இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பலாம். 2006 இல் வெளியான பியானோடெக் போன்ற மென்பொருள்கள் மாதிரிகளையே பயன்படுத்தாமல், சுத்தியல், கம்பி, ஒலிப்பலகை ஆகியவற்றின் இயக்கத்தைக் கணித முறையில் கணக்கிட்டு ஒலியை உருவாக்குகின்றன. இவற்றில் அடுக்கு எல்லை என்பதே இல்லை.

2020 இல் வெளியிடப்பட்ட மிடி 2.0 நெறிமுறை விசைவேகத்துக்கு 16 பிட்டுகளை ஒதுக்கி, 65,536 மதிப்புகளுக்கு இடமளிக்கிறது. இது உரப்பு மாற்றத்தை மேலும் நுண்மையாக்க உதவும். எனினும், மதிப்புகளின் எண்ணிக்கை உயர்வதால் மட்டும் பதிவில் இல்லாத ஒலிப்பண்பு தோன்றிவிடாது. நுண்மையான எண்களுக்கும் குறைந்த எண்ணிக்கையிலான மாதிரிகளுக்கும் இடையே சீரான இணைப்பை ஏற்படுத்துவது தொகுப்பை அமைப்பவரின் செவியையும் பொறுமையையுமே சார்ந்துள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

* மிடி
* சாம்ப்ளர்
* பியானோ
* ஒலிப்பதிவு
* மேற்சுரம்